ஃபைபர் டிவியை விட்டு டிஷ்ஷுக்கு மாறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டுக்கோட்டைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் நான்கு வருடமாக இணையம், டிவி, லேண்ட்லைன் மூன்றும் ஒரே ஃபைபர் கம்பியில் வந்துகொண்டிருந்தன. போன ஐப்பசியில் டிவியை மட்டும் பிரித்து, மாடியில் டிஷ் வைத்துவிட்டோம். இணையம் இன்னும் ஃபைபரில்தான் இருக்கிறது. இதே யோசனையில் இருக்கும் தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும் அப்போதிருந்து கேட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்து எழுதியது.

நன்றாக ஓடுகிற ஃபைபரை விட்டு எதற்கு டிஷ்?

நன்றாக ஓடுகிறது என்றால் மாற வேண்டாம். ஃபைபர் மோசமான தொழில்நுட்பம் என்று நான் சொல்ல வரவில்லை. மழைக்கு அசராது, படம் தெளிவாக இருக்கும், மாடியில் இரும்புச் சட்டம் எதுவும் வேண்டாம்.

எங்களுக்குப் பிரச்சினை வேறு. கிராமத்தில் ஃபைபர் கம்பி பூமிக்கடியில் போவதில்லை, மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கிக்கொண்டு போகிறது. அறுவடை நேரத்தில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று போனால் போதும், கம்பி லாரியோடு போய்விடும். ஒரே வருடத்தில் மூன்று முறை அறுந்தது. ஒவ்வொரு முறையும் ஆள் வந்து ஒட்டுப் போட இரண்டு நாள், மூன்று நாள். ஃபைபரை ஒட்ட அதற்கான மெஷினோடு ஆள் வர வேண்டும். பழைய கேபிள் கம்பியைப் போலத் தெருவில் யாரோ முறுக்கி இணைத்துவிட முடியாது.

அந்த மூன்று நாளும் எனக்குச் செல்போன் டேட்டா இருந்தது. அம்மாவுக்கு டிவியைத் தவிர வேறு எதுவும் இல்லை. வீட்டில் இருக்கும் மூன்று வசதியும் ஒரே கம்பியில் தொங்குகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மாறலாமா வேண்டாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: டிவி நின்றுபோனால் உங்கள் வீட்டில் யாருடைய பொழுது நின்றுபோகும்? அவருக்கு வேறு வழி இருக்கிறதா?

எங்கள் வீட்டில் இருப்பது ஃபைபர் டிவிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செட்டாப் பாக்ஸின் பின்னால் என்ன கம்பி நுழைகிறது என்று பாருங்கள். திருகி மாட்டும் உருண்டையான கேபிள் என்றால் அது கேபிள் டிவி. தெருவரைக்கும் அல்லது வீடுவரைக்கும் ஃபைபரில் வந்து, கடைசியில் சாதாரணக் கேபிளாக மாறியிருக்கும். லேன் கம்பியோ, வைஃபையோ மட்டும் என்றால் டிவி இணையம் வழியாக வருகிறது. பிஎஸ்என்எல் 2024-லும் ஏர்டெல் 2025-லும் தொடங்கியவை இந்த இரண்டாவது வகை.

இந்த வித்தியாசம் கேன்சல் செய்யும்போது முக்கியம். முதல் வகையில் கேபிள்காரரிடம் சொல்லி டிவியை மட்டும் நிறுத்திவிடலாம். இரண்டாவது வகையில் டிவி, இணையத் திட்டத்துக்குள்ளேயே இருக்கும். அதைத் தனியாகக் கழற்ற முடியுமா, கழற்றினால் பில் குறையுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மழை பெய்தால் டிஷ் நின்றுவிடுமே?

நிற்கும். டிஷ் விற்க வருபவர் இதை மழுப்பிவிட்டுப் போவார், ஆகவே விவரமாகவே சொல்கிறேன்.

வீட்டு டிஷ்கள் வாங்குவது கேயு பேண்ட் என்ற அலைவரிசையை, அதாவது ஏறத்தாழ 11, 12 ஜிகாஹெர்ட்ஸ். அந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். அடர்த்தியாக மழை கொட்டும்போது துளிகள் அந்த அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து நன்றாக வந்து சேரும் சிக்னல், கடைசி நான்கைந்து கிலோமீட்டர் மழையில் தேய்ந்துபோகிறது. ஃபைபரில் வரும் சேனலும் எங்கோ ஓரிடத்தில் செயற்கைக்கோளில் இருந்துதான் இறங்குகிறது. ஆனால் அங்கே பெரிய டிஷ் வைத்து, பெரும்பாலும் சி பேண்ட் அலைவரிசையில் வாங்குகிறார்கள். அந்த அலை நீளமானது, மழை அதை அவ்வளவாகத் தொடாது. கேபிளில் வரும் டிவி மழைக்கு நிற்காததற்கு இதுதான் காரணம்.

நடைமுறையில் எப்படி இருக்கும்? தூறலுக்கும் சாதாரண மழைக்கும் ஒன்றும் ஆகாது. இடியோடு சடசடவென்று கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடையும், அப்புறம் சிக்னல் இல்லை என்று வரும். அந்தக் கனமழை நகர்ந்ததும் தானாக வந்துவிடும். போன ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் கவனித்தேன். பெரும்பாலும் பத்து நிமிடம், மிஞ்சினால் அரை மணி. ஒரே ஒருநாள் மட்டும் சாயங்கால சீரியல் முழுவதும் போனது. கம்பி அறுந்து மூன்று நாள் இருட்டாகக் கிடந்ததோடு ஒப்பிட்டால் அம்மாவுக்கு இது பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் அந்த அரை மணிகூடப் பொறுக்க மாட்டார்கள் என்றால், மாறும் முன் யோசியுங்கள்.

சின்ன மழைக்கே நின்றால் அது மழையின் குற்றம் இல்லை. டிஷ் சரியாகத் திருப்பப்படவில்லை, அல்லது கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஆளைக் கூப்பிடுங்கள்.

வெயில் நாளில், மேகமே இல்லாதபோதும் சில நிமிடம் நின்றது. ஏன்?

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், பகல் வேளையில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். சூரியனில் இருந்து வரும் இரைச்சல் சிக்னலை மூழ்கடித்துவிடும். சில நிமிடத்தில் சரியாகிவிடும், ஒரு வாரத்தில் அந்தப் பருவமும் போய்விடும். எதையும் கழற்ற வேண்டாம்.

டிஷ்ஷை எங்கே வைக்க வேண்டும்? பக்கத்து வீட்டு மாடி மறைக்காதா?

நம் ஊரில் பக்கத்து மாடியைவிடத் தென்னை மரத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

இந்தச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கின்றன. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், டிஷ் நம் ஊரில் கிட்டத்தட்ட உச்சியைப் பார்க்கிறது. டாடா ப்ளே டிஷ் நிறுவனம் பயன்படுத்தும் ஜிசாட்-10, ஜிசாட்-24 செயற்கைக்கோள்கள் இரண்டும் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கின்றன. சென்னை ஏறத்தாழ 80 டிகிரியில் இருக்கிறது. ஆக, அங்கே டிஷ் தெற்குத் திசையில், அடிவானத்தில் இருந்து 70 டிகிரிக்கும் மேலே அண்ணாந்து பார்க்கும். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 93.5 டிகிரியில் இருக்கிறது, அதற்கு டிஷ் தென்கிழக்காகத் திரும்பும். ஏர்டெல்லின் டிஷ் 108.2 டிகிரியைப் பார்ப்பதால் இன்னும் கிழக்கே சாயும், கொஞ்சம் தாழ்ந்தும் பார்க்கும். லண்டனில் டிஷ்கள் சுவரோடு நிமிர்ந்து நிற்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அங்கே செயற்கைக்கோள் அடிவானத்தில் இருந்து 25 டிகிரி உயரத்தில்தான் தெரியும். நம் ஊரில் டிஷ், நெல் புடைக்கத் தூக்கிய முறம்போல மல்லாந்து கிடக்கும்.

இதனால் எதிர்வீட்டு மாடி அநேகமாக மறைக்காது. ஆனால் வீட்டை ஒட்டி நிற்கும் தென்னையின் மட்டை காற்றில் ஆடி டிஷ்ஷின் பார்வைக்குள் வந்து வந்து போகும். படம் விட்டு விட்டு உடைந்தால் முதலில் மரத்தைப் பாருங்கள். இன்றைக்கு மறைக்காத மரம் மூன்று வருடத்தில் மறைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, தட்டோடு பதித்த தளத்தில் துளை போட விடவே விடாதீர்கள். அடுத்த மழைக்கு அந்தத் துளை வழியாகத்தான் கூரை ஒழுகும். மாடிப்படி அறையின் பக்கச் சுவர் நல்ல இடம். கைப்பிடிச் சுவர் ஒற்றைச் செங்கல் என்றால் அதுவும் வேண்டாம், காற்றில் டிஷ் இழுக்கும் இழுப்புக்குப் பூச்சோடு பெயர்ந்து வரும். நாங்கள் கஜா புயலைப் பார்த்தவர்கள். 2018 நவம்பர் 16 விடிகாலையில் அது கரை கடந்தபோது எங்கள் பக்கம் தென்னை நின்ற தோப்பே இல்லை. அப்படி ஒரு காற்றுக்கு எந்த டிஷ்ஷும் தாங்காது. சாதாரண ஐப்பசிக் காற்றுக்காவது அசையாமல் நிற்க வேண்டுமே.

இன்னொன்று, டிஷ் கம்பத்தில் துணி காயப்போடும் கொடியைக் கட்டாதீர்கள். ஈரப் போர்வை ஒன்று தொங்கினால் போதும், கம்பம் ஒரு டிகிரி சாய்ந்து மொத்தச் சிக்னலும் போகும்.

அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். முடியுமா?

வீட்டுக்காரரிடமும் சங்கத்திலும் கேட்டுவிட்டு மாடியில் வைக்கலாம். மாடியில் இருந்து உங்கள் வீட்டுக்குக் கேபிள் நீளம் 30 மீட்டருக்குள் என்றால் கவலை இல்லை. அதைத் தாண்டினால் நல்ல ஆர்ஜி-6 கேபிள் போடச் சொல்லுங்கள், நடுவில் ஒட்டு வேண்டாம். பால்கனியில் வைப்பது நம் ஊரில் பெரும்பாலும் நடக்காது. டிஷ் உச்சியைப் பார்ப்பதால் மேல்வீட்டு பால்கனியே மறைத்துவிடும்.

மாட்ட வரும் அன்று எதைக் கவனிக்க வேண்டும்?

கூடவே மாடிக்கு ஏறுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த தம்பி கெட்டிக்காரர், ஆனால் அன்றைக்கு அவருக்கு அது ஆறாவது வீடு. அவர் மேலே டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, இப்ப எவ்வளவு?" என்று கேட்க, அப்பா கீழே கூடத்தில் டிவி முன்னால் நின்று திரையில் தெரியும் சிக்னல் அளவைக் கத்திச் சொன்னார். "அம்பத்தெட்டு... அறுபத்திநாலு... எழுபது... போச்சு, ஒண்ணுமில்லை!" தலைமுடி அளவு திருப்பினால் எண் பத்து ஏறுகிறது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் சுத்தமாகப் போய்விடுகிறது. கடைசியில் எழுபத்தெட்டில் நிறுத்தி நட்டை இறுக்கினார். இறுக்கும்போதே எண் எழுபதுக்கு இறங்கிவிட்டது. படம்தான் வருகிறதே என்று அவர் இறங்கப் பார்த்தார். மழைக்காலத்துக்கு அந்த எட்டும் வேண்டும் என்று சொல்லி, தளர்த்தி மறுபடி பார்க்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்.

செட்டாப் பாக்ஸ் திரையில் இரண்டு அளவு காட்டும்: ஸ்ட்ரென்த், குவாலிட்டி. இரண்டாவதுதான் முக்கியம். நட்டெல்லாம் இறுக்கிய பிறகு அது எவ்வளவு என்று பார்த்து எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துத் தகராறு வந்தால் ஒப்பிட உதவும். டிஷ் திருப்பும் முன்பே கம்பம் நேர்க்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் எவ்வளவு திருப்பினாலும் சரியாக வராது.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சுவருக்கு வெளியே கீழ்நோக்கி ஒரு வளைவு விடச் சொல்லுங்கள். கேபிள் வழியாக ஓடி வரும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது. டிஷ் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கிக் கேபிளுக்கு அனுப்பும் எல்என்பி-யில் கேபிள் மாட்டும் இடத்தை ரப்பர் உறையாலோ நல்ல டேப்பாலோ மூட வேண்டும். பல வீடுகளில் சிக்னல் கெடுவது இந்த ஒரு கனெக்டர் துருப்பிடித்துத்தான்.

இரண்டு டிவி இருக்கிறது. ஒரே டிஷ் போதுமா?

டிஷ் ஒன்று போதும். ஆனால் இரண்டு வாய் உள்ள எல்என்பி வேண்டும், அதில் இருந்து ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனிக் கேபிள் வர வேண்டும். பழைய கேபிள் டிவிக்குப் போட்ட ஸ்ப்ளிட்டரை இங்கே போட்டால் சரிப்படாது. பாக்ஸ் கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் எல்என்பி-யிடம் எந்த வகை சேனல் வேண்டும் என்று சொல்கிறது. ஒரே கேபிளில் ஒரு பாக்ஸ் ஒன்றையும் மற்றது இன்னொன்றையும் கேட்டால், யாராவது ஒருவருக்குப் படம் போகும். இரண்டாவது பாக்ஸுக்கு மாதக் கட்டணமும் தனியாக உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால்?

இதில் டிஷ் ஒரு படி மேல். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிவியும் பாக்ஸும் ஓடும், படம் வரும். ஃபைபரில் உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் போதாது. உங்கள் கம்பி போய்ச் சேரும் ஃபைபர் நிறுவனத்தின் அறையில் உள்ள கருவிக்கும் கரண்ட் இருக்க வேண்டும். அங்கே பேட்டரி தீர்ந்தால் உங்கள் வீட்டு ரௌட்டரில் சிவப்பு விளக்குதான்.

இடி மின்னல் வரும்போலத் தெரிந்தால் மட்டும், அது தொடங்கும் முன்பே பிளக்கையும் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள். பலர் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு மாடியில் இருந்து வரும் கேபிளை விட்டுவிடுகிறார்கள்.

மாதம் எவ்வளவு ஆகும்?

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் புதிய கட்டண முறை வந்ததில் இருந்து கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் கணக்கு ஒரே மாதிரிதான்: இணைப்புக்கு ஒரு அடிப்படைக் கட்டணம், அதற்கு மேல் கட்டணச் சேனல்களின் விலை, மொத்தத்துக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அடிப்படைக் கட்டணத்துக்கு 130 ரூபாய் உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் ட்ராய் அதை எடுத்துவிட்டது. ஆகவே இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஒரு மாதம் வீட்டில் உண்மையில் என்ன பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் பன்னிரண்டு சேனலைத் தாண்டவில்லை. விற்பனையாளர் சொன்ன பெரிய தொகுப்பை விட்டுவிட்டுச் சின்னத் தமிழ்த் தொகுப்பும் ஒரு பக்திச் சேனலும் மட்டும் போட்டோம். ஃபைபரில் டிவி இலவசம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் டிவி இல்லாத இணையத் திட்டத்தின் விலையைப் பார்த்துவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள்.

மாதக் கட்டணமே இல்லாத ஃப்ரீ டிஷ் போதாதா?

2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கியது அது. பொதிகையாக இருந்து 2024-ல் பெயர் மாறிய டிடி தமிழ் வரும், செய்தியும் இலவசச் சேனல்களும் வரும். கட்டணச் சேனல்கள் வராது. வீட்டில் சீரியல் பார்ப்பவர்கள் இருந்தால் போதாது.

ஃபைபரில் இருந்த எதையெல்லாம் இழப்போம்?

இணைய வழி டிவியில் நேற்றுத் தவறிய நிகழ்ச்சியை இன்று பார்க்கும் வசதி இருக்கும். சாதாரண டிஷ் பாக்ஸில் அது இல்லை. ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கி இணையத்தோடு சேர்த்தால் ஓரளவு கிடைக்கும். ஒன்று கூடவே கிடைக்கும்: கிரிக்கெட். இணையத்தில் வரும் நேரலை பல நொடி பின்தங்கி வரும். முன்பெல்லாம் எதிர்வீட்டில் ஆரவாரம் கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டில் பந்து வீசப்படும். அப்பாவுக்கு அது பெரிய குறையாக இருந்தது. இப்போது எதிர்வீட்டோடு சேர்ந்தே கத்துகிறார்.

ஃபைபரை எப்போது நிறுத்துவது?

டிஷ் வந்து, ஒரு நல்ல மழை பார்த்த பிறகு. அதுவரை இரண்டையும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதப் பணம் வீணாகாது.

முழு இணைப்பையும் நிறுத்துவதாக இருந்தால், அதோடு வந்த லேண்ட்லைன் நம்பரும் போகும். வங்கியிலோ காஸ் புக்கிங்கிலோ அந்த நம்பரைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வாயால் சொன்னது போதாது, கோரிக்கை எண் வாங்குங்கள். வங்கியிலோ யுபிஐ-யிலோ ஆட்டோபே போட்டிருந்தால் நீங்களே போய் ரத்து செய்யுங்கள். எங்களுக்குப் பழைய டிவி பேக்குக்கு நிறுத்திய பிறகும் ஒரு மாதம் பணம் எடுத்தார்கள். திரும்ப வாங்க ஏழு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. பாக்ஸ், ரிமோட், அடாப்டர் மூன்றையும் மேசையில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். டெபாசிட் வர அதுதான் ஆதாரம். புகார் செய்தும் நிறுவனம் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதியலாம்.

வீட்டில் பெரியவர்கள் பழகிக்கொள்வார்களா?

சேனல் எண்கள் எல்லாமே மாறிவிடும். நமக்கு அது சின்ன விஷயம். பத்து வருடமாக விரல் நினைவில் எண் அழுத்துகிறவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. முதல் நாள் அம்மா பழைய எண்ணை அழுத்தினார், ஏதோ இந்திச் சேனல் வந்தது. ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, "நீயே போடுப்பா" என்றார். அதைக் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

பழைய தினசரிக் காலண்டரின் அட்டையை வெட்டி, பன்னிரண்டு சேனலின் பெயரையும் எண்ணையும் மார்க்கரில் பெரிதாக எழுதி, டிவிக்குப் பக்கத்துச் சுவரில் அவர் உட்காரும் உயரத்துக்கு ஒட்டினேன். பாக்ஸில் ஃபேவரிட் பட்டியலிலும் அதே வரிசையில் போட்டேன். டிவிக்கு ஒரு ரிமோட், பாக்ஸுக்கு ஒரு ரிமோட் என்பதுதான் அடுத்த குழப்பம். டிவி ரிமோட்டில் பவர் பட்டனைத் தவிர மற்றதை டேப் ஒட்டி மறைத்துவிட்டேன். சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பாக்ஸ் ரிமோட்டே போதும்.

ரீசார்ஜ் தேதியை உங்கள் செல்போனில் இரண்டு நாள் முன்னதாக அலாரமாக வைத்துக்கொள்ளுங்கள். டிஷ் முன்பணக் கணக்கு, பணம் தீர்ந்த அன்றே கட்டணச் சேனல்கள் நின்றுவிடும். கேபிள்காரர்போல இரண்டு நாள் பொறுத்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை. கணக்கில் உங்கள் நம்பரோடு அப்பா அம்மாவின் நம்பரையும் பதிவு செய்துவிடுங்கள். நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளில் அவர்களே புகார் பதிய முடியும்.